ஏர்கன் சத்தம் சிப்பிப் படுகையைப் பாதித்ததா என்று பார்ப்பது எப்படி

கடலுக்கடியில் எண்ணெய், எரிவாயு தேடும் கப்பல் சில விநாடிக்கு ஒருமுறை ஏர்கன் (அழுத்திய காற்றை நீருக்குள் சட்டென்று விட்டுப் பெரும் சத்தம் எழுப்பும் கருவி) வெடித்துக்கொண்டே போகும். அது உங்கள் படுகைப் பக்கம் வரப்போகிறது என்று தெரிந்தால், வருவதற்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். முந்தைய நிலை பதிவாகாவிட்டால் பின்னால் எதையும் நிரூபிக்க முடியாது.

முதலில் சத்தம் எட்டாத தூரத்தில், அதே ஆழமும் அதே மாதிரி அடிமண்ணும் உள்ள இன்னொரு படுகையை ஒப்பீட்டுக்குப் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் உயிருள்ளவை எத்தனை, செத்தவை எத்தனை என்று எண்ணுங்கள். சதை போய், இரண்டு ஓடும் பிரியாமல் சுத்தமாகக் கிடந்தால் சமீபத்தில் செத்தது என்று அர்த்தம், அதைத் தனியாகக் குறியுங்கள்.

கப்பல் போன மறுநாளே பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதிவிடாதீர்கள். டாஸ்மேனியப் பல்கலைக்கழகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், ஏர்கன் சத்தத்துக்கு ஆளான ஸ்காலப் என்ற விசிறி வடிவச் சிப்பிகள் உடனே கூட்டமாகச் சாகவில்லை, 120 நாள் வரை கவனித்தபோதுதான் சாவு கூடியது தெரிந்தது. ஆகவே மாதக்கணக்கில் எண்ண வேண்டும்.

சிங்கி இறாலாக இருந்தால் மல்லாக்கப் போட்டு, நிமிர எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். சமநிலை உறுப்பிலுள்ள நுண்மயிர்கள் சேதமானால் திணறும்.

அப்புறம் சத்தத்தை அளப்பது. ஹைட்ரோபோன் (நீருக்கடி ஒலிவாங்கி) நீரழுத்தத்தை மட்டும்தான் காட்டும், சிப்பி உணர்வதோ நீர்த்துகளும் தரையும் அதிர்வதை, எனவே அடிமண்ணில் அதிர்வுமானியும் வைக்கச் சொல்லி வற்புறுத்துங்கள்.