மனக்காயம் பட்ட போர்வீரனைப் பற்றி ஆக்‌ஷன் திரைக்கதை எழுதும் முறை: ‘ஃபர்ஸ்ட் பிளட்’ காட்டும் வழி

போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய ஒருவனை நாயகனாக வைத்து ஆக்‌ஷன் படம் எழுத நினைப்பவர்கள், 1982ஆம் ஆண்டு அக்டோபரில் வெளியான ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தைக் குறிப்பெடுத்துக்கொண்டே ஒருமுறை பார்ப்பது நல்லது. டெட் கோட்சஃப் இயக்கத்தில் சில்வெஸ்டர் ஸ்டாலோன் ஜான் ராம்போவாக நடித்த அந்தப் படம் சுமார் ஒன்றரை மணி நேரமே ஓடுகிறது. பின்னால் வந்த தொடர்ச்சிப் படங்களின் காரணமாக, ராம்போ என்றதும் இயந்திரத் துப்பாக்கியும் பிணக்குவியலுமே பலருக்கு நினைவுக்கு வருகின்றன. முதல் படத்திலோ, உயிரிழந்ததாகக் காட்டப்படுபவர் ஒரே ஒரு காவலர்தான். அவரும் ஹெலிகாப்டரிலிருந்து தவறி விழுந்தே இறக்கிறார். சாவுகளை நம்பாமல் ஒரு படம் பார்ப்பவரை இருக்கை நுனியில் உட்கார வைக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

எழுதத் தொடங்கும் முன் உங்கள் நாயகன் எந்தப் போரில் இருந்தான், என்ன பணி செய்தான், எந்த ஆண்டு திரும்பினான், அப்போது அவனுடைய நாடு அந்தப் போரைப் பற்றி என்ன நினைத்தது என்பவற்றை முடிவு செய்துகொள்ள வேண்டும். ராம்போ வியட்நாமில் சிறப்புப் படையில் இருந்தவன், எதிரிகளிடம் சிறைப்பட்டுச் சித்திரவதைக்கு ஆளானவன். அமெரிக்கப் படைகள் 1973இல் வெளியேறின, 1975இல் சைகோன் வீழ்ந்தது. தோற்ற போரின் வீரர்களை எப்படி வரவேற்பது என்று அறியாத சமூகத்துக்குள் அவன் வந்து சேர்கிறான். போருக்குப் பிந்தைய மனப்பாதிப்பு, பிடிஎஸ்டி என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய் வரையறை நூலில் இடம்பெற்றதே 1980இல்தான். இந்தச் செய்திகளில் பெரும்பகுதி திரையில் வராது. ஆனாலும் அவை எழுதுபவரின் கையில் இருந்தால்தான் பாத்திரத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் காரணம் கிடைக்கும்.

அடுத்து, அவனுக்கு மிகச் சிறிய, யாருக்கும் இருக்கக்கூடிய ஒரு விருப்பத்தைக் கொடுங்கள். ராம்போ தன்னோடு போரிட்ட நண்பனைத் தேடி ஏரிக்கரை வீடு ஒன்றுக்கு வருகிறான். துணி உலர்த்திக்கொண்டிருக்கும் பெண், அந்த நண்பன் புற்றுநோயால் இறந்துவிட்டான் என்றும், வியட்நாமில் தெளிக்கப்பட்ட ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ என்னும் களைக்கொல்லியே காரணம் என்றும் சொல்கிறாள். அவன் கொண்டுவந்திருந்த புகைப்படத்தை அவளிடமே கொடுத்துவிட்டு நடக்கிறான். அதற்குப் பிறகு அவனுக்கு வேண்டியதெல்லாம் ஒரு வேளைச் சாப்பாடு மட்டுமே. பழிவாங்கும் எண்ணத்தோடு நாயகனை ஊருக்குள் நுழைய விட்டிருந்தால், பின்னால் வரும் மோதல்கள் எல்லாம் அவன் தேடிப்போனவையாகிவிட்டிருக்கும்.

எதிர்நிற்பவரைக் கொடியவராக எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். பிரையன் டென்னஹி நடித்த ஷெரிஃப் டீசில், தன் ஊர் அமைதியாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் சாதாரண அதிகாரி. நாடோடி போலத் தெரியும் ஒருவனைக் காரில் ஏற்றி ஊர் எல்லையில் இறக்கிவிடுகிறார், அவன் திரும்பி வந்ததும் கைது செய்கிறார். இந்தப் படத்துக்கு மூலமான, டேவிட் மொரெல் 1972இல் எழுதிய நாவலில் டீசில் கொரியப் போரில் சண்டையிட்டவர். கதையும் இருவர் பார்வையிலும் மாறி மாறிச் செல்கிறது. நீங்களும் உங்கள் எதிர்ப்பாத்திரத்தின் பக்கமிருந்து ஒருமுறை முழுக் கதையையும் உங்களுக்காகவே எழுதிப் பாருங்கள். அவர் பக்கமும் நியாயம் தெரிந்தால்தான் மோதல் கனக்கும்.

இனி, இந்த வகைப் படத்தின் உயிர்நாடியான இடம்: பழைய காயம் நிகழ்காலத்தில் திறந்துகொள்ளும் காட்சி. காவல் நிலையத்தில் நடப்பதை ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பாருங்கள். சட்டையைக் கழற்றும்போது அவன் உடம்பில் உள்ள தழும்புகளை ஓர் இளம் காவலர் பார்த்துத் திகைக்கிறார். குழாயிலிருந்து பாயும் தண்ணீரால் அவனை அடித்துக் குளிப்பாட்டுகிறார்கள். பிறகு, பின்னாலிருந்து தடியால் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுரை கூடப் போடாமல் சவரம் செய்யக் கத்தியை முகத்தருகே கொண்டுவருகிறார்கள். அந்த நொடியில் வியட்நாமில் மார்பைக் கீறிய கத்தி அவன் நினைவில் பாய்கிறது. கம்பிகள் அங்கும் இருந்தன, இங்கும் இருக்கின்றன. கத்தி அங்கும் இருந்தது, இங்கும் இருக்கிறது. ஃபிளாஷ்பேக் சில நொடிகளே நீடிக்கிறது, யாரும் எதையும் விளக்குவதில்லை. கண்ணால் காணும் ஒரு பொருள், ஓர் ஓசை, உடலில் படும் ஒரு தொடுகை ஆகியவற்றின் வழியாகவே நினைவு வர வேண்டும். அதைக் கண்டு தயங்கும் ஒரு சாட்சியும் அறைக்குள் இருந்தால், பார்ப்பவர் யார் பக்கம் நிற்பது என்று தானாகவே முடிவு செய்துகொள்வார்.

பிடிஎஸ்டி உள்ளவர்கள் எல்லாரும் எந்நேரமும் வெடிக்கக் காத்திருப்பவர்கள் என்ற எண்ணத்தைப் பரப்பும் படங்கள் ஏராளம். அது உண்மையும் அன்று, அந்த நோயோடு வாழ்பவர்களுக்குச் செய்யும் நியாயமும் அன்று. தூக்கமின்மை, கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், நெருங்கியவர்களிடமிருந்தும் விலகிப் போதல் ஆகியவையே பெரும்பாலோரின் அன்றாடம். வாய்ப்பிருந்தால் முன்னாள் வீரர்களிடமும் மனநல மருத்துவரிடமும் பேசிவிட்டு எழுதுங்கள். எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்ற கேள்வியை மட்டும் யாரிடமும் கேட்காதீர்கள்.

சண்டைக் காட்சிகள் அவன் பெற்ற பயிற்சியிலிருந்து பிறக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் அவன் உடல் விலை கொடுக்க வேண்டும். ராம்போ பாறைமுகட்டிலிருந்து மரங்களின் மேல் குதித்ததில் கை கிழிகிறது; கத்திப் பிடிக்குள் வைத்திருந்த ஊசி நூலால் தானே தைத்துக்கொள்கிறான். குளிரைத் தாங்கக் காட்டில் கிடைத்த பழைய கித்தானை வெட்டிப் போர்த்திக்கொள்கிறான். காட்டில் அவன் வைக்கும் பொறிகள் ஆட்களைக் காயப்படுத்தி நிறுத்துகின்றன. டீசிலின் கழுத்தில் கத்தியை வைத்தும் விட்டுவிடுகிறான். இந்தக் கட்டுப்பாடே அவனைக் கதாநாயகனாக நிலைநிறுத்துகிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஹோப் என்ற ஊரையொட்டிய ஈரக் காடுகளில் படமாக்கியதால், குளிர் நமக்கும் உறைக்கிறது.

ரிச்சர்ட் கிரென்னா நடித்த கர்னல் டிராட்மன், தான் உருவாக்கிய வீரனின் திறமையைப் புகழ்ந்து பேசும் இடங்கள்தான் எனக்குப் படத்தின் பலவீனமாகத் தோன்றுகின்றன. நாயகனின் ஆற்றலைக் காட்டிய பிறகு இன்னொருவர் வாயால் சொல்ல வைக்கத் தேவையில்லை.

முடிவை முன்கூட்டியே தீர்மானியுங்கள். நாவலில் ராம்போ இறக்கிறான். படத்திலும் அப்படியொரு முடிவு எடுக்கப்பட்டு, வெளியீட்டுக்கு முன் நடந்த சோதனைத் திரையிடலில் பார்த்தவர்கள் ஏற்காததால் மாற்றப்பட்டது. மாற்றிய முடிவில் ஊரின் ஒரு பகுதியை எரித்துவிட்டு வரும் மனிதன் கர்னலின் முன் உட்கார்ந்து அழுகிறான். படம் முழுவதும் அளந்து பேசியவன் இப்போது நிறுத்தாமல் பேசுகிறான்: விலையுயர்ந்த ஆயுதங்களை நம்பி ஒப்படைத்தார்கள், இங்கே கார் நிறுத்தும் வேலைகூட நிலைக்கவில்லை என்கிறான், சைகோனில் செருப்புக்கு மெருகு போடும் பெட்டிக்குள் இருந்த குண்டு வெடித்து நண்பன் சிதறியதைச் சொல்லும்போது வாக்கியங்கள் முறிந்து, ஓரிடத்தில் பேச்சே அழுகையாகிவிடுகிறது. அவன் மற்ற இடங்களில் மௌனமாக இருந்ததால்தான் இந்தப் பேச்சு தாங்குகிறது. உங்கள் திரைக்கதையில் இத்தகைய பேச்சு உண்டென்றால், வெடிகுண்டுக் காட்சிகளுக்கு முன்பே அதை எழுதிவிடுங்கள். ஒருவரை எதிரில் உட்கார வைத்து வாய்விட்டு வாசியுங்கள். அவன் தன் நோயைத் தானே விளக்கும் வரிகளை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் சொல்லும் வரிகளை விட்டுவையுங்கள்.