பசிஃபிகா குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிறீர்களா? எங்கெங்கே சறுக்கும்

நியூசிலாந்தில் ‘பசிஃபிகா’ என்ற ஒரே பெயருக்குள் பசிபிக் தீவுகளான சமோவா, டோங்கா, குக் தீவுகள், நியுவே, டோக்கெலாவ், ஃபிஜி, துவாலு மக்கள் எல்லாரையும் அடக்கிவிடுகிறார்கள். 2023 கணக்கெடுப்பில் இவர்கள் சுமார் 4.4 லட்சம் பேர். கிட்டத்தட்ட பாதிப்பேர் சமோவாக்காரர்கள். கணக்கெடுப்புக்கு இந்தப் பெயர் சரி, கதைக்கு ஆகாது. எந்தத் தீவு, குடும்பம் இப்போது எங்கே இருக்கிறது, வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் எழுத உட்காரக் கூடாது. ஃபிஜி என்றால் இன்னும் ஒரு சிக்கல். 1903 முதல் சென்னையிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர்களின் வாரிசுகளும் ஃபிஜிக்காரர்கள்தான். ஆனால் நியூசிலாந்துக் கணக்கில் ஃபிஜி இந்தியர்கள் ஆசியர் பட்டியலில் வருகிறார்கள்.

அதிகம் சறுக்குவது படங்களில். ஞாயிற்றுக்கிழமைச் சமையலையே எடுத்துக்கொள்ளுங்கள். சமோவாவில் ‘உமு’ அடுப்புக்குக் குழி கிடையாது. தரைமேலேயே கற்களைச் சூடாக்கி, சேப்பங்கிழங்கையும் மீனையும் வைத்து, இலைகளால் மூடிவிடுவார்கள். டோங்காவில் குழி உண்டு. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகளின் ‘ஹாங்கி’ அடுப்பும் குழிதான். இணையத்தில் ஏதோ ஒரு ஹாங்கி படத்தைப் பார்த்து, சமோவா தாத்தா மண்வெட்டியோடு குழி வெட்டுவதாக வரைந்தால், அந்த வீட்டுப் பிள்ளை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும். பச்சை குத்துவதும் அப்படித்தான். சமோவா ஆண்களின் ‘பெஆ’ இடுப்பிலிருந்து முழங்கால் வரை இருக்கும். முகத்தில் குத்துவது மாவோரி வழக்கம்.

டோங்கா இழவு வீட்டை வரைவது இன்னும் நுணுக்கமான வேலை. இடுப்பில் ‘தாஓவாலா’ என்ற பாயைக் கட்டுவார்கள். முறையில் இறந்தவருக்குக் கீழே இருப்பவர்கள் கட்டுவது பெரிய, முரடான, கந்தல் பாய். அப்பாவின் அக்காவுக்கு, அதாவது அத்தைக்கு, அங்கே தனி மரியாதை. பாட்டி இறந்த கதையில் அழகாக இருக்கட்டும் என்று எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பாயைக் கட்டிவிட்டால், யார் யாருக்கு என்ன முறை என்பதே படத்திலிருந்து காணாமல் போய்விடும்.

இதையெல்லாம் ஓவியர் தானாகவே தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. கேட்டால் போதும். ஆனால் எப்போது கேட்கிறோம் என்பதுதான் விஷயம். படமெல்லாம் முடித்துவிட்டு, “ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க” என்று பெரியவர்களிடம் நீட்டுவதுதான் என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. முகத்துக்கு நேரே குறை சொல்லத் தயங்குகிறவர்கள் நிறைய. “நல்லா இருக்கு” என்பார்கள், நாமும் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று அச்சுக்கு அனுப்பிவிடுவோம். கதை என்ன என்று முடிவாகும் முன்பே போய் உட்கார வேண்டும். ‘தலனோவா’ என்று அவர்கள் சொல்வது அவசரமில்லாத பேச்சு. சாப்பாடும் சிரிப்பும் நடுவில் வரும். கேள்விப் பட்டியலோடு ஒரு மணி நேரக் கூட்டம் போட்டால் அது தலனோவா ஆகாது.

பழங்கதை பொதுச் சொத்து என்று நினைப்பதும் தப்பு. சினா என்ற பெண்ணும் விலாங்கு மீனும் கதை பல தீவுகளில் பல விதமாக வழங்குகிறது; சமோவாவின் சவாயீ தீவில், சஃபூனேயில், கதையில் வரும் குளம் இதுதான் என்று காட்டவே செய்வார்கள். இரண்டு தீவுக் கதைகளைக் கலந்து ஒன்றாக்கினால் இரண்டு பக்கமும் முகம் சுளிக்கும்.

அப்புறம் அந்தத் தென்னை மரமும் கடற்கரையும். பசிஃபிகா பிள்ளைகளில் பெரும்பாலோர் நியூசிலாந்திலேயே பிறந்தவர்கள். தெற்கு ஆக்லாந்தின் மாங்கெரே வீதி, ஓட்டாரா சனிக்கிழமைச் சந்தை, சர்ச், ரக்பி, இவையும் அவர்கள் உலகம்தான்.

மொழியில், ஆங்கிலத்தில் எழுதி முடித்துவிட்டுக் கடைசியில் மொழிபெயர்க்கக் கொடுப்பது வழக்கமான சறுக்கல். நியுவே தீவில் 2,000 பேர்கூட இல்லை. நியூசிலாந்தில் நியுவேக்காரர்கள் 30,000க்கு மேல். நியுவே மொழிப் புத்தகம் என்றால் பாட்டி வாசிக்க, பேரப்பிள்ளை கேட்பது. வாசிக்கும்போது பாட்டியின் நாக்கில் இடறினால் அத்தோடு மூடி வைத்துவிடுவார். ஆரம்பத்திலிருந்தே அந்த மொழி பேசுகிறவர் கூட உட்கார்ந்து எழுத வேண்டும். உயிரெழுத்தின் தலைமேல் கோடாக வரும் நெடில் குறிகளைக் காட்டாத எழுத்துருவை வடிவமைப்பாளர் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கதை சொன்னவருக்கும் சரிபார்த்தவருக்கும் நன்றிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் போதாது. சம்பளமும் பேசிக் கொடுங்கள். கதையே அவருடையது என்றால் அட்டையில் அவர் பெயரும் வரட்டும்.