போர்வெல் தண்ணீரில் கெட்டுப்போகும் அஸ்பராஜினேஸ் சோதனை

ஏ.எல்.எல். என்ற ஒருவகை ரத்தப் புற்றுநோயில் புற்றணுக்கள் பலவற்றால் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைப் போதிய அளவு தயாரித்துக்கொள்ள முடியாது, ரத்தத்திலிருந்துதான் எடுக்கும். அதைச் சிதைத்துப் பட்டினி போடுவதுதான் எல்-அஸ்பராஜினேஸ் என்ற நொதி மருந்தின் வேலை. சிதையும்போது வரும் அம்மோனியாவை அளந்தால் நொதியின் வேகம் தெரியும்.

0.04 மோலார் அஸ்பராஜின், டிரிஸ் பஃபர் (பி.ஹெச். 8.6), நொதிக் கரைசல், தண்ணீர் தலா 0.5 மி.லி. கலந்து, 37 டிகிரியில் 30 நிமிடம் வையுங்கள். 1.5 மோலார் டி.சி.ஏ. (டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம்) 0.5 மி.லி. ஊற்றி வினையை நிறுத்துங்கள். சென்ட்ரிஃபியூஜ் செய்து, மேல்தெளிவில் 0.1 மி.லி., தண்ணீர் 3.7 மி.லி., நெஸ்லர் கரைசல் (அம்மோனியா இருந்தால் மஞ்சளாகும்) 0.2 மி.லி. சேர்த்து, நிறமானியில் 450 நானோமீட்டரில் பாருங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் பலர் சறுக்குவது அந்த 3.7 மி.லி.யில்தான். இங்கே போர்வெல் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். நெஸ்லரில் காரம் அதிகம் என்பதால் கால்சியமும் மெக்னீசியமும் வெண்மையாகத் திரியும். கருவி அந்தக் கலங்கலையும் நிறமாக எண்ணிக்கொள்ளும். கொதிக்கவைத்த தண்ணீரும் உதவாது. காய்ச்சி வடித்த நீரே வேண்டும், அதுவும் புதிதாகத் திறந்த கேன்.

பிளாங்க் குழாயில் (ஒப்பிட்டுக் கழிப்பதற்கான குழாய்) டி.சி.ஏ.வை முதலில் ஊற்றி, பிறகு நொதியைச் சேருங்கள். நொதியை எடுத்த நுண்ணுயிர் வளர்ப்பு ஊடகத்தில் ஏற்கெனவே உள்ள அம்மோனியா இதில் கழிந்துவிடும். அமோனியம் சல்ஃபேட்டில் வீழ்படிவாக்கிய நொதி என்றால், அந்த உப்பைச் சவ்வு வழியே நீக்கும் டயாலிசிஸ் முடியாமல் அளக்கவே வேண்டாம்.

நெஸ்லரில் பாதரசம் இருக்கிறது. கழிவைத் தனிப் பாட்டிலில் சேருங்கள். சிங்க்கில் ஊற்றக் கூடாது.