முன்பின்னாக நிற்கும் குறளைப் படிப்பது எப்படி?

மொரீஷியஸில் எங்கள் வீட்டுப் பேச்சு கிரியோல். தமிழ் படித்தது மாலை வகுப்பில். குறள்களை மனப்பாடமாகச் சொல்வேன். ஆனால் சிலவற்றின் பொருள் பல வருடம் பிடிபடவில்லை. சொற்களுக்கு அர்த்தம் தெரியும், அவை நிற்கும் இடம்தான் குழப்பியது. செய்யுளில் சொற்களைச் சேர்த்துப் பொருள் கொள்ளும் முறைக்குப் பொருள்கோள் என்று பெயர். நன்னூல் 8 வகை சொல்கிறது. தொடங்குபவர்களுக்கு இரண்டு மூன்று போதும்.

படி 1: சந்தி பிரித்து, வரிக்கு வரி இடம் விட்டு எழுதுங்கள். பென்சில்தான் நல்லது, நிறைய அழிக்க வேண்டிவரும். உரையை இப்போதே திறக்காதீர்கள்.

படி 2: பயனிலையைத் தேடுங்கள். அப்புறம் வேற்றுமை உருபுகளை வட்டமிடுங்கள். கிரியோலில் 'சாட் மான்ஸ் லெரா' என்றால் பூனை எலியைத் தின்கிறது. 'லெரா மான்ஸ் சாட்' என்று மாற்றினால் எலி பூனையைத் தின்கிறது! தமிழில் 'எலியைத் தின்கிறது பூனை' என்று புரட்டினாலும் தின்பது பூனைதான். அந்த 'ஐ' இருக்கும்வரை எலி எங்கே நின்றாலும் எலிதான் இரை. முதலில் வருவதுதான் எழுவாய் என்ற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும்.

படி 3: வரிசையாகச் சொற்கள் வந்தால் நிரல்நிறையா, அதாவது ஒரு வரிசைச் சொற்கள் அடுத்த வரிசைச் சொற்களோடு ஒன்றுக்கு ஒன்று சேர்கின்றனவா என்று பாருங்கள். 'அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை பண்பும் பயனும் அது' என்பதில் அன்புக்குப் பண்பு, அறத்துக்குப் பயன். நேர் வரிசை, சிரமமில்லை.

நான் மாட்டிக்கொண்டது 410ஆம் குறளில்:

விலங்கொடு மக்கள் அனையர் இலங்குநூல்
கற்றாரோடு ஏனை யவர்

பழகிய கையோடு இதையும் நேராகவே சேர்த்தேன்: விலங்குக்குக் கற்றார், மக்களுக்கு ஏனையவர். கற்றவர் விலங்காகிவிட்டார். இரண்டு இடத்திலும் ஒரே 'ஒடு', 'ஓடு'தான் இருப்பதால் உருபு இங்கே கைகொடுக்காது, பொருளைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். குறுக்காகக் கோடு போடுங்கள்: மக்களோடு கற்றார், விலங்கோடு கல்லாதவர். இது எதிர் நிரல்நிறை. இப்போதெல்லாம் வரிசையைக் கண்டால் நேராக ஒருமுறை, குறுக்காக ஒருமுறை சேர்த்துப் பார்க்காமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை.

படி 4: நடுவில் உள்ள சொல் இரண்டு பக்கமும் போகிறதா?

உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண
அண்ணாத்தல் செய்யாது அளறு

எதை உண்ணாமை? முன்னால் விடை இல்லை. நடுவிலுள்ள 'ஊன்' பின்னால் போய் 'உண்ண' என்பதோடும், முன்னால் வந்து 'உண்ணாமை'யோடும் சேரும். ஊசல்போல ஆடுவதால் தாப்பிசை. எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், 'சுரையாழ அம்மி மிதப்ப' என்பதை எப்படிச் சேர்ப்பது என்று கேட்டிருந்தார். அது மொழிமாற்று. ஆழ்வது அம்மி, மிதப்பது சுரை. அடுத்த அடியில் 'யானைக்கு நீத்து முயற்கு நிலை' என்று வரும். நீத்து என்றால் நீந்த வேண்டிய ஆழம், நிலை என்றால் கால் ஊன்றும் ஆழம்; அவற்றையும் இடம் மாற்றுங்கள். ஆனால் ஓர் அடிக்குள்ளேயேதான் மாற்ற வேண்டும். பல அடிகளிலிருந்து சொற்களை எடுத்துச் சேர்த்தால் அது கொண்டுகூட்டு.