சோம்பேறிக் கண்ணுக்கு ஆபரேஷனா, பேட்ச்சா? எங்க வீட்டுல கத்துக்கிட்டது

எங்க பொண்ணுக்கு அஞ்சு வயசு. ஒரு சனிக்கிழமை தலைக்குக் குளிப்பாட்டும்போது வலது கண்ணுல ஷாம்பு போயிருச்சு, அந்தக் கண்ண இறுக்கி மூடிக்கிட்டா. கொடியில தொங்குற துண்ட எடுடின்னு சொன்னா "எங்கம்மா இருக்கு"ன்னு காத்துல தடவுறா. நான் விளையாடுறான்னு நெனச்சேன். சாயந்திரம் சந்தேகத்துல வலது கண்ண என் கையால மூடிட்டு காலண்டர்ல தேதி கேட்டேன், சொல்லத் தெரியல, இடது கண்ண மூடினா டக்குன்னு சொல்றா. வெளியில பாத்தா ரெண்டு கண்ணும் நேரா அழகா இருக்கும், மாறுகண்ணே கிடையாது, அதான் அஞ்சு வருஷமா யாருமே கண்டுபிடிக்கல.

டாக்டர் பாத்துட்டு இடது கண்ணு "சோம்பேறிக் கண்ணு"ன்னாங்க, அதாவது கண்ணு நல்லா இருந்தும் மூளை அதப் பயன்படுத்தாததால பார்வை குறையிறது. நான் கேட்ட முதல் கேள்வியே "ஆபரேஷன் எப்போ பண்ணலாம்"தான். அவங்க சொன்ன பதில்தான் இந்தப் பதிவே: ஆபரேஷன் கோணலா இருக்கிற கண்ண நேராக்கும், சோம்பேறிக் கண்ணுக்குப் பார்வை தராது. ரெண்டும் வேற வேற. மாறுகண் இருந்தா சோம்பேறிக் கண் வரலாம், ஆனா மாறுகண்ணே இல்லாமலும் வரும், எங்க வீட்டுல வந்த மாதிரி.

கண்ணுல கோளாறு இல்லாம எப்படி பார்வை போகும்னு எனக்கு முதல்ல புரியல. கண்ணு கேமரா மாதிரி, படத்தப் பாக்கிறது மூளைதான். சின்ன வயசுல ஒரு கண்ணுல இருந்து மங்கலான படமே வந்துட்டு இருந்தா மூளை "இது வேணாம்"னு ஒதுக்கிட்டு தெளிவான கண்ண மட்டும் நம்ப ஆரம்பிச்சிரும், அந்தக் கண்ணுக்கும் மூளைக்கும் நடுவுல உள்ள தொடர்பு வளராமலே நின்னுரும். பூனைக்குட்டிகளோட ஒரு கண்ண மூடி வெச்சு இத நிரூபிச்சவங்க ஹ்யூபெலும் வீஸலும், 1981ல நோபல் பரிசு வாங்கினாங்க. காரணம் மூணுல ஒண்ணா இருக்கும்: ரெண்டு கண்ணுக்கும் பவர் ரொம்ப வித்தியாசம், இல்ல மாறுகண், இல்ல பிறவியிலேயே கண்புரை, இமை தொங்கல் மாதிரி ஏதாவது பார்வைய மறைக்கிறது. எங்களுக்கு முதல் வகை. வலது கண்ணு நார்மல், இடது கண்ணுல பிளஸ் நாலரை.

ஒண்ண மட்டும் தனியா சொல்லிடுறேன். ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல குழந்தையோட கண்மணி வெள்ளையா தெரிஞ்சா மீதிய அப்புறம் படிங்க, அன்னைக்கே கண் டாக்டர்கிட்ட போங்க. அது கண்புரையா இருக்கலாம், கண்ணுக்குள்ள கட்டியாவும் இருக்கலாம்.

சரி, எங்க ஆரம்பிக்கிறது. கண்ணாடிக் கடையில கம்ப்யூட்டர்ல பாத்து சீட்டு வாங்கிட்டு வர்றது குழந்தைக்குப் போதாது. குழந்தைங்க கண்ண இறுக்கி ஃபோகஸ் பண்ணி பவர மறைச்சிருவாங்க, அதனால மருந்து போட்டு கண்மணிய விரிய வெச்சுதான் அளக்கணும். சில டாக்டருங்க ஆஸ்பத்திரியிலயே சொட்டு மருந்து போடுவாங்க, சிலர் அட்ரோபின் ஆயின்மென்ட் குடுத்து மூணு நாள் வீட்டுல போட்டுட்டு வரச் சொல்வாங்க. மருந்து போட்ட பிறகு வெயில் கூசும், புத்தகம் மங்கலா தெரியும், பரீட்சை வாரத்துல வெச்சுக்காதீங்க. குழந்தைங்க கண்ணுக்குன்னே தனிப் பிரிவு இருக்கிற இடமா பாருங்க. மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா, எழும்பூர் அரசு கண் ஆஸ்பத்திரின்னு நம்மகிட்ட இடத்துக்குப் பஞ்சமில்ல.

முதல் மருந்து கண்ணாடி. நிறைய பேர் இத மருந்தாவே மதிக்கிறதில்ல. பவர் வித்தியாசத்தால வந்த சோம்பேறிக் கண்ணு உள்ள, ஏழு வயசுக்கு உட்பட்ட 84 குழந்தைங்களுக்கு அமெரிக்காவுல கண்ணாடி மட்டும் குடுத்துப் பாத்தாங்க, 2006ல முடிவு வந்துச்சு, நாலுல ஒரு பங்குக்கு மேல வேற எதுவும் இல்லாமலே முழுசா சரியாயிட்டாங்க. அதனால பெரும்பாலும் மூணு நாலு மாசம் கண்ணாடிய மட்டும் போட்டுப் பாப்பாங்க. தூங்கி எழுந்ததுல இருந்து படுக்கிற வரைக்கும் போடணும், ஸ்கூலுக்கு மட்டும் போட்டா வேலைக்கு ஆகாது. எங்க பொண்ணு 6/36ல இருந்து (மத்தவங்களுக்கு 36 மீட்டர்ல தெரியிறது அந்தக் கண்ணுக்கு 6 மீட்டர்ல வந்தாதான் தெரியும், 6/6 தான் நார்மல்) 6/18க்கு வந்தது வெறும் கண்ணாடியிலதான். "பொம்பளப் புள்ளைக்கு இந்த வயசுல கண்ணாடியா"ன்னு மாமியார் ஒரு மாசம் பேசினாங்க, அப்புறம் அவங்கதான் தினமும் துடைச்சுக் குடுக்கிறது.

அதுக்கு மேல ஏறலைன்னாதான் பேட்ச். நல்லாத் தெரியிற கண்ண மூடணும், சோம்பேறிக் கண்ண இல்ல. சிரிக்காதீங்க, தாத்தா பாட்டிகிட்ட விட்டுட்டுப் போற வீட்டுல இது மாறிப் போகுது, நாங்க ஃபிரிட்ஜ்ல படம் வரைஞ்சு ஒட்டினோம். எத்தன மணி நேரம்ங்கிறத டாக்டர் சொல்லணும். ஓரளவு குறைஞ்ச பார்வைக்கு தினம் 2 மணி நேரம் மூடினாலும் 6 மணி நேரம் மூடினாலும் நாலு மாசத்துல ஒரே பலன்தான்னு 2003லயே காட்டிட்டாங்க. ரொம்ப மோசமா இருந்தா 6 மணி நேரம்னு சொல்வாங்க. நாள் முழுக்க கட்டிப் போட்டு வெக்கிற காலம்லாம் பெரும்பாலும் போயிருச்சு.

தோலுல ஒட்டுற பேட்ச் வாங்குங்க, அது மேல கண்ணாடி போடணும். கண்ணாடியில மாட்டுற துணி உறை பாக்க அழகா இருக்கும், ஆனா மூக்குப் பக்கமா எட்டிப் பாத்துட்டே இருப்பாங்க, கெட்டிக்காரங்க. முதல் ரெண்டு வாரம் யுத்தம்தான், அத மனசுல வெச்சுக்கோங்க. நல்ல கண்ண மூடினா குழந்தைக்கு உலகமே மங்கலாயிடும், அது அடம் இல்ல, நிஜமாவே பயம். பிச்சு எறிவா, அழுவா, நானும் பாத்ரூம்ல போய் அழுதிருக்கேன். எங்களுக்கு உதவினது நேரத்த மாத்தினதுதான்: ஸ்கூல்ல வேணாம்னு சாயந்திரம் அஞ்சுல இருந்து ஏழு வரைக்கும் வெச்சோம், அந்த ரெண்டு மணி நேரம் மட்டும் அவளுக்குப் பிடிச்சது எல்லாம் கிடைக்கும், பல்லாங்குழி, கலர் அடிக்கிறது, என்கூட உக்காந்து பூ கட்டுறது, வாரத்துல ரெண்டு நாள் கார்ட்டூன். கிட்டப் பாக்கிற வேலைதான் குடுக்கணும்னு கட்டாயம் இல்ல, கண்ணத் திறந்து எதையாவது ஆசையா பாத்துட்டு இருந்தா போதும். பொம்மைக்கும் ஒரு பேட்ச் ஒட்டினோம். கழட்டும்போது வலிக்குதுன்னா ஓரத்துல கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி, அது கண்ணுக்குள்ள போகாம பாத்து, மெதுவா எடுங்க. தினம் எவ்ளோ நேரம் போட்டான்னு காலண்டர்ல உண்மையா எழுதி வெக்கணும். டாக்டர் 2 மணி நேரம்னு சொல்லி நாம அரை மணி நேரம் போட்டுட்டு "பலனே இல்ல டாக்டர்"னு போய் நின்னா அவங்க மருந்த மாத்துவாங்க, தப்பு மருந்துல இல்லியே.

பேட்ச்சே ஒத்துவரலைன்னா அட்ரோபின் சொட்டு இருக்கு. நல்ல கண்ணுல போட்டா அது மங்கலாகி மூளை வேற வழியில்லாம சோம்பேறிக் கண்ணப் பிடிச்சுக்கும். 2002ல 419 குழந்தைங்கள வெச்சு ஒப்பிட்டப்போ ஆறு மாசத்துல ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாதான் வந்துச்சு, வாரக் கடைசி ரெண்டு நாள் மட்டும் போட்டாலும் பலன் உண்டு. ஆனா வெயில் கூசும். முகம் சிவந்து காய்ச்சல் மாதிரி வந்தா நிறுத்திட்டு டாக்டர்கிட்ட கேளுங்க. பாட்டில எட்டாத உயரத்துல வைங்க, குழந்தை குடிச்சிட்டா உயிருக்கே ஆபத்து.

இப்போ ஆபரேஷன். மாறுகண் இருந்தா முதல்ல கண்ணாடி போட்டுப் பாப்பாங்க, ஏன்னா பிளஸ் பவரால கண்ணு உள்பக்கம், அதாவது மூக்குப் பக்கமா போற குழந்தைங்க சிலருக்கு கண்ணாடியிலயே நேராயிடும், கத்தியே வேணாம். அப்படியும் மிச்சம் இருந்தா பேட்ச் போட்டு பார்வைய முடிஞ்ச அளவு ஏத்திட்டு அப்புறம்தான் பொதுவா ஆபரேஷனுக்குப் போவாங்க. பிறந்து ஆறு மாசத்துக்குள்ளயே கண்ணு நல்லா உள்ள போயிருந்தா மட்டும் ரெண்டு வயசுக்குள்ளயே பண்றதுண்டு. கண்ண வெளிய எடுத்து வெப்பாங்கன்னு ஊர்ல ஒரு கதை ஓடும், சுத்தப் பொய். கண்ண அசைக்கிற தசைங்க ஆறு, அதுல தேவையானத இடம் மாத்தித் தைப்பாங்க, இல்ல கொஞ்சம் சுருக்கித் தைப்பாங்க. குழந்தைக்கு முழு மயக்கம், வெறும் வயிறு, பெரும்பாலும் அன்னைக்கே வீடு. ரெண்டு மூணு வாரம் கண்ணு சிவந்திருக்கும், கொஞ்ச நாள் ரெண்டு ரெண்டா தெரியலாம், டாக்டர் சொல்ற வரைக்கும் தலைக்கு ஊத்துறதும் நீச்சலும் கிடையாது. ஒரே ஆபரேஷன்ல முடியாம சிலருக்கு இன்னொரு தடவையும் தேவைப்படும், இதக் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே கேட்டுக்கோங்க, இன்சூரன்ஸ் தருமாங்கிறதையும்தான். கண்ணு நேரான சந்தோஷத்துல பேட்ச்ச நிறுத்திடுறாங்க பாருங்க, அதுதான் பெரிய தப்பு.

அவசரமா ஆபரேஷன் வேணுங்கிறது கண்புரைக்குத்தான். ஒரு கண்ணுல பிறவிப் புரைன்னா பிறந்து ஆறு வாரம் வாக்குலயே எடுத்தாதான் நல்ல பார்வைக்கு வாய்ப்பு. கண்மணிய மறைக்கிற அளவுக்கு இமை தொங்கினாலும் தள்ளிப் போடக்கூடாது. "மாறுகண் அதிர்ஷ்டம், வளந்தா சரியாயிடும்"னு சொல்ற பெரியவங்ககிட்ட சண்டை போட வேணாம், சரிங்கன்னு சொல்லிட்டு அப்பாயின்மென்ட் போட்டுருங்க. ஏழு வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சா பலன் அதிகம், அதுக்காக பத்து பன்னெண்டு வயசுல தெரிஞ்சா கைய விரிக்க வேண்டியதில்ல, இதுவரைக்கும் வைத்தியமே பாக்காத 13 வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்கள்லயே கொஞ்சப் பேருக்கு ஏறியிருக்கு.

வி.ஆர். ஹெட்செட் மாட்டி படம் பாக்குற சிகிச்சைக்கு அமெரிக்காவுல 2021ல அனுமதி குடுத்திருக்காங்க, 4ல இருந்து 7 வயசுக்கு. நல்ல விஷயம்தான், ஆனா கண்ணாடியே ஒழுங்கா போடாம இதத் தேடி அலையிறதுல அர்த்தமில்ல.

சரியாயிட்டாலும் பேட்ச்ச ஒரே நாள்ல நிறுத்தாதீங்க. நாலுல ஒரு குழந்தைக்குப் பார்வை திரும்ப இறங்குது, அதுவும் 6 மணி நேரம் போட்டுட்டு இருந்தவங்க திடீர்னு விட்டா அதிகம். நேரத்தக் குறைச்சுக் குறைச்சு விடணும், அப்புறமும் செக்கப்புக்குப் போகணும். எங்க பொண்ணுக்கு இப்போ ஏழு வயசு, 6/9ல நிக்குது, மூணு மாசத்துக்கு ஒரு தடவை போயிட்டு வர்றோம்.

இதப் படிக்கிற பெரியவங்களுக்கு: லேசிக் பண்ணினா சோம்பேறிக் கண்ணு சரியாகாது, அது பவர மட்டும்தான் எடுக்கும். மாறுகண்ண நேராக்க உங்க வயசுலயும் ஆபரேஷன் பண்ணலாம், ரெண்டு ரெண்டா தெரியிற வாய்ப்பு எவ்ளோன்னு முன்னாடியே சோதிச்சுச் சொல்லச் சொல்லுங்க. அப்புறம் உங்களுக்கு நம்பிக்கையா இருக்கிறது ஒரு கண்ணுதான், பவர் இல்லைன்னாலும் சுலபமா உடையாத பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்க, பட்டறை வேலையிலயும் தீபாவளி அன்னைக்கும் கண்டிப்பா.