செயின்ட் லூயிஸ் கப்பலை வகுப்பில் நடத்துவது எப்படி?

யூத அகதிகளை அரசுகள் கைவிட்ட வரலாற்றை நடத்தும் ஆசிரியர்களே, 1938 எவியான் மாநாட்டை ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுங்கள். அகதிகளை ஏற்பது பற்றிப் பேச 32 நாடுகள் கூடின, பெரும்பாலானவை கைவிரித்தன. மீதி நேரம் முழுவதும் யூத அகதிகளைக் கியூபாவுக்கு ஏற்றிச் சென்ற செயின்ட் லூயிஸ் கப்பலுக்கே.

நான் கரும்பலகையில் முதலில் தேதிகளை எழுதுவேன். 1939 மே 5: தன் மண்ணில் இறங்கத் தான் கொடுத்த அனுமதிச் சீட்டுகள் செல்லாது என்கிறது கியூபா. மே 13: அதே சீட்டுகளை நம்பி 937 பயணிகளுடன் கப்பல் ஹாம்பர்க்கிலிருந்து புறப்படுகிறது. இங்கே சற்று நிறுத்துங்கள். பிள்ளைகளே கேள்வி கேட்பார்கள்.

கியூபத் தலைநகர் ஹவானாவில் 28 பேருக்கே இறங்க அனுமதி. அமெரிக்காவும் மறுத்தது, குடியேற வருவோருக்கான ஆண்டு ஒதுக்கீடு நிரம்பிவிட்டதாம். சட்டத்தைக் காட்டிக் கைகழுவுவது எனக்கு இன்றும் ஆறாத கோபம். அதை வகுப்பில் மறைக்க மாட்டேன்.

கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. எனவே கடைசியில் ஐரோப்பிய வரைபடத்தை விரியுங்கள். பிரிட்டன் ஏற்ற 288 பேரில் ஒருவர் தவிர அனைவரும் போரில் பிழைத்தார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், நெதர்லாந்து சென்றவர்களில் 254 பேர் மாண்டார்கள். இந்த மூன்று நாடுகளையும் ஜெர்மனி எப்போது பிடித்தது என்பதை மாணவர்களே குறிக்கட்டும்.