அப்பத்தாவுக்கு முதியோர் பணம்: மனு போட்டுக் கொடுப்பது எப்படி?

தொண்டு என்றாலே எல்லோரும் அன்னதானத்துக்குத்தான் கிளம்புகிறோம், மதுரையில் அதற்கு ஆளுக்குக் குறைவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மஞ்சப்பையோடு நிற்கும் அப்பத்தாவுக்குத் துணையாகப் போகத்தான் ஆள் கிடைப்பதில்லை. ஒரு செல்போனும் வாரத்தில் அரை நாளும் இருந்தால் இந்த வேலையை ஆரம்பித்துவிடலாம்.

முதலில் உங்கள் தெரு ரேஷன் கடை வரிசையில் "பணம் வருதா அப்பத்தா?" என்று கேளுங்கள். 60 வயது தாண்டிய, ஆதரவில்லாத முதியோருக்கான மாத உதவித்தொகை இது. 2023இல் 1,000 ரூபாயை 1,200 ஆக்கினார்கள்.

அடுத்து ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக். பாதி மனுக்கள் சிக்குவது இங்கேதான். ஆதார் எடுத்தபோது குத்துமதிப்பாக ஒரு வயதைச் சொல்லியிருப்பார்கள், பேரன் பேத்தி எடுத்தவருக்குக் கார்டில் 56 என்று இருக்கும். ஒன்றில் முத்தம்மாள், இன்னொன்றில் முத்தம்மா. அதைத் திருத்திவிட்டுத்தான் மற்றது. பாஸ்புக்கையும் வங்கியில் பதிந்து பாருங்கள், இரண்டு வருடத்துக்கு மேல் வரவு செலவு இல்லையென்றால் கணக்கு முடங்கிக் கிடக்கும், கேஒய்சி, அதாவது அடையாள, முகவரிச் சான்று கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும்.

சரி, இப்போது இ-சேவை மையம். செல் நம்பர் கேட்டால் உங்களுடையதைக் கொடுக்காதீர்கள், நாளைக்கு நீங்கள் வேலைக்கு வெளியூர் போனால் தகவல் யாருக்கு வரும்? பக்கத்திலேயே இருக்கும் மகள் நம்பரோ பேரன் நம்பரோ கொடுக்கலாம். ஒப்புகைச் சீட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு அசலை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.

அப்புறம் விஏஓ விசாரணை. மகன் இருந்தால் இருக்கிறான் என்றே சொல்லட்டும், சோறு போடுவதில்லை என்றால் அதையும் சொல்லட்டும். பொய் சொல்லிக் கொடுத்தால் மாட்டிக்கொண்டு முழிப்பது அவர்தான்.

பதிலே இல்லையா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. வாசலில் காசுக்கு மனு எழுதுகிறவர்கள் வாழ்க்கை வரலாறே எழுதித் தருவார்கள், அது வேண்டாம். பெயர், முகவரி, விண்ணப்ப எண், தேதி, "விசாரித்து உதவித்தொகை வழங்க வேண்டுகிறேன்", கீழே கையெழுத்தோ கைநாட்டோ, அவ்வளவுதான். பழைய சீட்டின் நகலைச் சேர்த்துக் கொடுத்து, ரசீது வாங்காமல் வராதீர்கள்.

"வாங்கிக் கொடுத்துடுறேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், முடிவெடுப்பது தாசில்தார். பணம் வர ஆரம்பித்ததும் ஏடிஎம் கார்டை நீட்டி "நீயே எடுத்துட்டு வா தம்பி" என்பார்கள். வாங்காதீர்கள், கூடப் போய் அவர் கையாலேயே எடுக்க வையுங்கள்.